ஃபிளாஷ் ஃபிளட்: மின்னல் வெள்ளமா, காட்டாறா?

ஃபிளாஷ் ஃபிளட்டுக்கு தமிழ்ல என்னன்னு கேட்டா சிலர் 'மின்னல் வெள்ளம்'னு எழுதிடறாங்க. ஃபிளாஷ்னா கேமரால அடிக்கிற வெளிச்சம், அதனால மின்னல்னு நினைச்சுட்டாங்க போல. ஆனா அந்த இங்கிலீஷ் வார்த்தையே மொதல்ல தண்ணிக்குத்தான் இருந்துச்சு, சுமார் 800 வருஷம் முன்னாடி தண்ணி சளார்னு அடிச்சு தெறிக்கிறதுக்கு சொன்னது, வெளிச்சம்ங்கிற அர்த்தம் 16ஆம் நூற்றாண்டுலதான் வந்து ஒட்டிக்கிச்சு. மின்னலுக்கு இங்க வேலையே இல்ல.

பேப்பர்ல போடுறது 'திடீர் வெள்ளம்'. தப்பில்ல. மழை கொட்டி பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள்ள ஏறுற வெள்ளத்தைத்தான் வானிலைக்காரங்க இப்படி சொல்றாங்க. ஆனா எனக்கு இதுல ஒரு குறை: எப்போ வரும்னு சொல்லுது, எங்கேர்ந்து வரும்னு சொல்லல.

அதுக்குத்தான் நம்மகிட்ட காட்டாறு இருக்கே! காடு + ஆறு, பழைய தமிழ்ல கான்யாறு. மலையில மழை பெஞ்சா ஓடும், மத்த நாள் வெறும் கல்லும் மணலும். செங்குத்தான பாறைச் சரிவுல தண்ணிய உறிஞ்ச மண்ணு கம்மி, எல்லா ஓடையும் ஒரே சந்துல வந்து சேரும், அதான் அந்த வேகம். நீங்க நிக்கிற இடத்துல ஒரு சொட்டு விழுந்திருக்காது, ஆனாலும் வரும்.

2024 மே 17 பழைய குற்றாலத்துல அப்படித்தான், அருவில குளிச்சிட்டு இருந்த கூட்டம் படியேறி ஓடுது, பின்னாடியே தண்ணி பொங்கி வருது, 17 வயசுப் பையன் ஒருத்தன் செத்துட்டான். தண்ணி கலங்கி செம்மண் நிறமா மாறுதா, சருகும் சுள்ளியும் மிதந்து வருதா, அப்பவே சோப்பு துண்டெல்லாம் விட்டுட்டு மேல ஏறிடணும். அரை அடி தண்ணி வேகமா வந்தாலே ஆளைச் சாய்ச்சிடும்.

அதே வருஷம் அக்டோபர் 29, ஸ்பெயின்ல வலென்சியா பக்கம் பைபோர்ட்டா ஊர்ல மழையே பெருசா இல்ல, மேற்க மலைப்பக்கம் கொட்டுனது ஓடை வழியா வந்து தெருவ நிரப்பிடுச்சு. போனுக்கு எச்சரிக்கை வந்தது ராத்திரி 8.11க்கு, அதுக்குள்ள பல பேர் தண்ணில மாட்டிட்டாங்க. அந்த மாகாணத்துல மட்டும் 200 பேருக்கு மேல செத்தாங்க.

எனக்கு ஒரு தடவை 'திடீர் வெள்ள அபாயம், பாதுகாப்பாக இருக்கவும்'னு மெசேஜ் வந்துச்சு. எங்க போய் பாதுகாப்பா இருக்க? 'மலையில மழை, காட்டாறு வருது, கரையேறுங்க'ன்னு இருந்தா பாட்டிக்கும் புரியும்.

ஒண்ணு, காட்டாறுங்கிற பேரு மலையடிவாரத்துக்குத்தான் பொருந்தும். சிட்டி சப்வேல அரைமணி நேரத்துல பஸ் முங்குற அளவு தண்ணி ஏறுதே, அதைக் காட்டாறுன்னு சொல்ல வாய் வரல, அங்க திடீர் வெள்ளமே இருந்துட்டுப் போகட்டும்.