வீடு ஒன்று, குடித்தனம் இரண்டு: பிரிந்த பிறகும் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு யூனிவர்சல் கிரெடிட்

"நாங்கள் பிரிந்துவிட்டோம். ஆனால் அவர் இன்னும் இதே வீட்டில்தான் இருக்கிறார். நான் தனியாக பெனிபிட் கேட்கலாமா?"

லண்டனில் சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பிக் கொடுக்க நான் உட்காரும் மேசைக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். எப்போதும் தணிந்த குரலில்தான் வரும். பக்கத்தில் இருப்பவர் யாருக்காவது தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்ற பயம்.

கேட்கலாம். விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருக்க வேண்டியதில்லை. வேறு முகவரிக்குப் போயிருக்க வேண்டியதும் இல்லை. உறவு உண்மையிலேயே முடிந்து, இரண்டு பேரும் தனித்தனியாக வாழ்கிறீர்கள் என்றால், ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனி ஆளாக யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு மாதாமாதம் தரும் உதவித் தொகை) கேட்கும் உரிமை உண்டு. இது தெரியாமல் மாதக்கணக்கில் கையில் காசில்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துணையின் சம்பளம் அதிகம் என்பதால் குடும்பமாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது. தனியாகக் கேட்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. லண்டன் வாடகையில் ஒரே நாளில் இரண்டு வீடு எடுக்க எத்தனை பேரால் முடியும்?

சட்டம் என்ன பார்க்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தம்பதி என்றால் சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், இருவரின் வருமானமும் சேமிப்பும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். ஆனால் யார் தம்பதி என்பதற்கு முகவரி மட்டும் அளவுகோல் அல்ல. ஒரே குடித்தனமாக வாழ்கிறார்களா என்பதுதான் கேள்வி. இதைத் தமிழர்களுக்கு விளக்குவது எனக்குச் சுலபமாகவே இருந்திருக்கிறது. நம் ஊரில் ஒரே வீட்டுக்குள் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருக்கும். உலை வேறு, செலவு வேறு என்றால் குடித்தனம் வேறு. தமிழ்நாட்டில் தனி ரேஷன் அட்டைக்கே தனிச் சமையல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இங்கேயும் கேள்வி கிட்டத்தட்ட அதுதான்: வீடு ஒன்றா என்று அல்ல, குடித்தனம் ஒன்றா என்று.

குடித்தனம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரியில் விளக்கம் கிடையாது. அதிகாரிகள் பல விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பார்கள். தனித்தனி அறையில் உறங்குகிறீர்களா, யார் சமைக்கிறார்கள், யாருக்குச் சமைக்கிறார்கள், துணி துவைப்பது யார், கடைக்குப் போவது யார், பணம் யார் கணக்கில் விழுகிறது, பில்லை யார் கட்டுகிறார்கள், உடல் உறவு இருக்கிறதா, பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள், வெளியாட்கள் உங்களைத் தம்பதியாக நினைக்கிறார்களா. இதில் எந்த ஒன்றும் தனியாக முடிவு செய்துவிடாது. முழுப் படத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான் தீர்ப்புகள் சொல்லிவரும் விஷயம். அதனால் "பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், எங்கள் கேஸ் போச்சா?" என்று கேட்பவர்களுக்கு, போகவில்லை, ஆனால் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு அக்கா எனக்குக் கைபேசியில் படம் காட்டினார். சமையலறை மேடையில் இரண்டு ரைஸ் குக்கர், ஒன்று இந்த மூலையில், மற்றது அந்த மூலையில். ஃப்ரிட்ஜில் நடுத் தட்டில் செலோடேப் ஒட்டி, மேல் பக்கம் தன் பெயரின் முதல் எழுத்து. மிளகாய்த் தூள் போத்தல்கூட இரண்டு. அவர் யாருக்கும் நிரூபிக்க இதைச் செய்யவில்லை. சண்டை வராமல் இருக்கச் செய்தது. ஆனால் அவர் குடித்தனம் வேறு என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படங்களைத் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். உங்கள் வீட்டில் அறை ஒன்றுதான், ஒருவர் ஹாலில் சோபாவில் படுக்கிறார் என்றால் அதுவும் பரவாயில்லை. படுக்கை எங்கே, உடுப்பு எந்த அலுமாரியில் என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. பிரிவை ஊருக்குச் சொல்ல மாட்டோம். அம்மாவுக்குத் தெரிந்தால் நெஞ்சு வலிக்கும், கோவிலில் என்ன பேசுவார்கள், தங்கையின் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அதனால் பிறந்தநாள் விழாவுக்குச் சேர்ந்து போவார்கள், சேர்ந்து படம் எடுப்பார்கள், அது ஃபேஸ்புக்கிலும் வரும். பிறகு அதிகாரி கேட்பார்: "நீங்கள் பிரிந்தது யாருக்குத் தெரியும்?" யாருக்கும் தெரியாது என்ற பதில் உங்களைப் பொய் சொல்பவர் ஆக்கிவிடாது, ஆனால் நம்ப வைப்பதைக் கடினமாக்கும். ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம். நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம் சொல்லுங்கள்: ஒரு சகோதரி, குடும்ப வைத்தியர், பிள்ளையின் பள்ளி. வைத்தியரிடம் சொன்னால் அது உங்கள் பதிவில் தேதியோடு இருக்கும். பின்னர் ஒரு கடிதம் தேவைப்பட்டால் எழுதித் தர ஆள் இருக்கும். மறைத்து மறைத்து வாழ்ந்தவர்கள் உண்மை சொல்லும்போதே தடுமாறுவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை.

பணக் கணக்கைப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டில் 25 வயதுக்கு மேற்பட்ட தம்பதிக்கு அடிப்படைத் தொகை மாதம் 628.10 பவுண். தனி ஆளுக்கு 400.14 பவுண். இரண்டு தனி ஆட்கள் என்றால் 800.28. இந்தத் தொகைகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். இந்த வித்தியாசம் இருப்பதால்தான் பெனிபிட் வழங்கும் அரசுத் துறை இப்படிப்பட்ட விண்ணப்பங்களை உற்றுப் பார்க்கிறது. காசுக்காகப் பிரிந்ததாகச் சொல்வது மோசடி. வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம். கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வேறு அறையில் படுப்பதும் பிரிவு ஆகாது. அதேசமயம் உண்மையாகப் பிரிந்தவர் அந்தப் பயத்தில் கேட்காமல் இருக்கவும் கூடாது.

சேமிப்புக்கும் வரம்பு உண்டு. 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது, 6,000க்கு மேல் போனால் தொகை குறையும். தம்பதியாக இருக்கும்போது இருவர் பணமும் ஒன்றாகச் சேரும். தனி ஆளானதும் உங்கள் பங்கு மட்டும். கூட்டு வங்கிக் கணக்கை முடிந்தவரை சீக்கிரம் பிரித்துவிடுங்கள். இரண்டு பேர் சம்பளமும் ஒரே கணக்கில் விழுந்து, அதிலிருந்தே பால் காசும் பஸ் காசும் போய்க்கொண்டிருந்தால், குடித்தனம் வேறு என்ற வாதம் வலுவிழந்து போகும்.

வாடகை கொஞ்சம் சிக்கல். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்தால், பிரிந்த பிறகு வாடகை பொதுவாகச் சரிபாதியாகப் பிரிக்கப்படும். மாத வாடகை 1,200 என்றால் உங்கள் கணக்கில் 600. தனியார் வீடு என்றால் அதற்கும் அந்தப் பகுதிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு பொருந்தும். 35 வயதுக்குக் குறைந்த, பிள்ளை இல்லாத தனி ஆளுக்கு அந்த வரம்பு பெரும்பாலும் பகிர்ந்த வீட்டின் ஒரு அறைக்கான அளவுதான். ஒப்பந்தம் உங்கள் பெயரில் மட்டும் இருந்து அவர் சும்மா தங்கியிருந்தால், அவர் வாடகைக்குப் பங்கு தர வேண்டியவராகக் கருதப்பட்டு 2025-26ல் மாதம் 93.02 பவுண் கழிக்கப்படலாம். சில விலக்குகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டும் இருந்து, அவர் வாடகை கட்டுவதை நிறுத்திவிட்டார், வீட்டில் இருக்க நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கிறது என்றால், உங்களை வாடகைப் பொறுப்புள்ளவராக நடத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதைப் பல அலுவலர்களே சொல்வதில்லை, நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். சொந்த வீட்டுக் கடனுக்கு யூனிவர்சல் கிரெடிட்டில் பணம் இல்லை. மூன்று மாதம் பெற்ற பிறகு வட்டிக்கு உதவியாகக் கடன் கிடைக்கலாம், அதைப் பின்னர் திருப்பித் தர வேண்டும்.

உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியில் தனி ஆளுக்கான 25 சதவீதக் கழிவை எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்கும்வரை அது கிடைக்காது. வருமானம் குறைந்தவர்களுக்கான வரிக் குறைப்பு வேறு விஷயம், அதற்குக் கவுன்சிலில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

யூனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான தொகையை இருவரும் வாங்க முடியாது. பிள்ளையை முக்கியமாகக் கவனிப்பவர் ஒருவருக்குத்தான். யார் என்று நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் துறை முடிவு செய்யும். பிள்ளைகளுக்கென்று தனியாக வரும் சைல்ட் பெனிபிட்டும் ஒருவருக்கே. 2025-26ல் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 17.25. இது அவர் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றச் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். பிள்ளைச் செலவுக்கு அவர் தரும் பணம் யூனிவர்சல் கிரெடிட்டில் வருமானமாகக் கணக்கில் வராது, அதை வாங்கப் பயப்பட வேண்டாம். ஆனால் அதைத் தனியாக, "பிள்ளைச் செலவு" என்று குறிப்பெழுதி வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி கிடையாது.

வயதானவர்களுக்கும் இதே கேள்வி வரும். இருவரும் ஓய்வூதிய வயதைத் தாண்டியிருந்தால் பார்க்க வேண்டியது பென்ஷன் கிரெடிட். 2025-26ல் தம்பதிக்கு வாரம் 346.60, தனி ஆளுக்கு 227.10 வரை வருமானத்தை உயர்த்தித் தருவார்கள். அங்கேயும் குடித்தனக் கேள்விதான்.

எப்படித் தெரிவிப்பது? ஏற்கெனவே சேர்ந்து யூனிவர்சல் கிரெடிட் வாங்கிக்கொண்டிருந்தால், இணையக் கணக்கில் பிரிந்துவிட்டோம் என்று மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் மதிப்பீட்டு மாதம், அதாவது பணத்தைக் கணக்கிடும் மாதம், 12ஆம் தேதி தொடங்கி அடுத்த 11ஆம் தேதி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 28ஆம் தேதி பிரிந்து, அந்த மாதம் முடிவதற்குள் சொல்லிவிட்டால், மாற்றம் 12ஆம் தேதியிலிருந்தே கணக்கில் வரும். "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டால் பணம்தான் போகும். ஒருவர் சொல்லிவிட்டார், மற்றவருக்குத் தானாக நடக்கும் என்று இருக்காதீர்கள், இருவரும் தங்கள் தங்கள் பக்கத்தை முடிக்க வேண்டும். புதிதாகக் கேட்பவர்களுக்கு முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். அதுவரை முன்பணம் கேட்கலாம், அது கடன், மாதாமாதம் கழிப்பார்கள்.

இணையக் கணக்கில் அதிகாரிகளுக்கு எழுதும் பக்கமான ஜர்னலில் எழுதும்போது "பிரிந்துவிட்டோம், ஒரே வீடு" என்று இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தேதியில் உறவு முடிந்தது, யார் எந்த அறை, சமையல் எப்படி, பில் எப்படி, ஏன் இன்னும் வெளியே போகவில்லை, போகும் திட்டம் என்ன என்று எழுதுங்கள். முகவரி ஒன்று என்பதை மறைத்தால் அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. ஆங்கிலம் கஷ்டம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பத்து வயது மகளை வைத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைக்காதீர்கள், தயவுசெய்து. விண்ணப்பத்துக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பு இலவசமாக உதவுகிறது. இங்கிலாந்தில் எண் 0800 144 8444.

இப்போது இங்குள்ள தமிழர் பலருக்கு உயிர்நாடியான விஷயம்: விசா. உங்கள் விசாவில் பொது நிதி பெற முடியாது என்று நிபந்தனை இருந்தால், தனியாகக் கேட்பது அந்த நிபந்தனையை மீறுவதாகும். யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிபிட், பென்ஷன் கிரெடிட், கவுன்சில் வரிக் குறைப்பு எல்லாமே அந்தப் பட்டியலில் வரும். துணையின் விசாவில் வந்தவர் என்றால், உறவு முடிந்தது என்பதே உங்கள் விசாவைப் பாதிக்கும். எனவே எதையும் அழுத்துவதற்கு முன் பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரையோ வழக்கறிஞரையோ பாருங்கள். தெரிந்த அண்ணா சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள். உறவு வன்முறையால் முறிந்து, கையில் காசில்லாமல் நிற்கும் துணை விசாக்காரர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது: மூன்று மாதத்துக்குப் பொது நிதி பெறும் அனுமதி. தகுதி உள்ளவர்கள் அந்தக் காலத்துக்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதையும் ஆலோசனை கேட்டுத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அது கிடைத்தால் இருக்கும் விசா மாறிவிடும்.

அடி உதை உள்ள வீட்டில் பிரிவை அறிவிப்பதே ஆபத்தாக இருக்கலாம். அப்படியானால் முதலில் பாதுகாப்பு, பெனிபிட் பிறகு. தேசிய குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம். சேர்ந்த விண்ணப்பத்தில் இருந்துகொண்டே பணத்தைப் பிரித்து உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி பெனிபிட் அலுவலகமான ஜாப் சென்டரில் கேட்கவும் முடியும்.

நீங்கள் இன்னும் தம்பதிதான் என்று துறை முடிவெடுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் பதின்மூன்று மாதம் வரை தாமதமாகவும் கேட்கலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் அந்தப் பதில் வந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, மொழிபெயர்ப்பாளரையும் அவர்களே தருவார்கள். காகிதத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விடாமல், நேரில் பேச வேண்டும் என்ற பெட்டியில் குறியிடுங்கள். இரண்டு ரைஸ் குக்கர் ஏன் வந்தது என்பதைக் காகிதத்தைவிட நீங்கள் நேரில் நன்றாகச் சொல்வீர்கள்.