15 வயதில் தங்கம், 28 வயதில் உலக சாதனை: தண்ணீர் யாருக்கு வழிவிடுகிறது?

2020 ஆகஸ்டில் ஒரு சின்ன வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி தலை மேல் ஒரு டம்ளர் சாக்லேட் பாலை வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் முகம் வைத்தபடி மூச்சுவிட உதவும் ஸ்நார்க்கெல் குழாயை வாயில் கவ்வியபடி, குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நீந்திப் போகிறார். கைகள் மாறி மாறிச் சுழல்கின்றன, தோள்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருள்கின்றன, டம்ளர் மட்டும் மேசை மேல் வைத்த மாதிரி இருக்கிறது. சுவரைத் தொட்டதும் நின்று, டம்ளரை எடுத்துக் குடிக்கிறார்.

நான் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். முதலில் பார்க்கும்போது வித்தை மாதிரி இருந்தது, அப்புறம்தான் புரிந்தது, நீச்சலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த டம்ளரிலேயே இருக்கிறது.

இவர் முதலில் உலகத்தின் கண்ணில் பட்டது 2012 லண்டன் ஒலிம்பிக்கில். வயது 15. அமெரிக்கா அனுப்பிய மொத்த அணியிலும் இவர்தான் கடைக்குட்டி. ஆகஸ்ட் 3 அன்று பெண்கள் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதிப்போட்டி. முந்தைய ஒலிம்பிக்கின் சாம்பியன் ரெபெக்கா ஆட்லிங்டன் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் நீந்துகிறார், அரங்கமே அவருக்காகக் கத்துகிறது. லெடெக்கி 8 நிமிடம் 14.63 வினாடியில் முடித்தார். இரண்டாவதாக வந்த ஸ்பெயினின் மிரேயா பெல்மோன்டே வந்து சேர அதற்கு மேல் நான்கு வினாடிக்கு மேல் ஆனது. ஆட்லிங்டனுக்கு வெண்கலம்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பெண், உடம்பிலும் அனுபவத்திலும் முழுமையாக வளர்ந்த பெரியவர்களை எப்படி இவ்வளவு தூரம் பின்னால் விட முடிகிறது? பளுதூக்குதலில் இது நடக்காது, குண்டு எறிதலில் நடக்காது. நீச்சலில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 1972 மியூனிக்கில் ஆஸ்திரேலியாவின் ஷேன் கூல்ட் 15 வயதில் மூன்று தங்கம் வாங்கினார். 1988 சியோலில் ஹங்கேரியின் கிறிஸ்டினா எகர்ஸெகி 14 வயதில், 45 கிலோ எடையோடு, 200 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். 1992 பார்சிலோனாவில் ஜப்பானின் கியோகோ இவாசாகி, அவருக்கும் 14 வயது. 2025இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் சீனாவின் யூ ஸிடி 12 வயதில் 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் (நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் பந்தயம்) நான்காவதாக வந்தார், பதக்கம் கைநழுவியது 0.06 வினாடியில்.

விடை தண்ணீரில்தான் இருக்கிறது.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. லண்டனில் லெடெக்கி நீந்திய வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வினாடிக்கு 1.62 மீட்டர், அதாவது மணிக்கு 5.8 கிலோமீட்டர். பஸ்ஸைப் பிடிக்க நாம் விறுவிறுவென்று நடக்கிறோமே, அந்த வேகம்தான். ஒலிம்பிக் தங்கம் வாங்குபவரையே நடை வேகத்துக்கு மேல் விடாத பொருளுக்குள் போய் முட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் எதிர்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது, அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போகச் செலவாகும் திறனோ எட்டு மடங்கு. பத்து சதவீதம் வேகம் கூட்ட நினைத்தால் மூன்றில் ஒரு பங்கு திறன் கூடுதலாக வேண்டும். சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து வரும் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பை முன்னால் தள்ளப் போவதில்லை, மிச்சமெல்லாம் சூடாகவும், தண்ணீரைக் கலக்கிவிடுவதிலும் வீணாகிறது. அதனால் நீச்சலில் பலத்தைக் கூட்டுவதைவிட எதிர்ப்பைக் குறைப்பது எப்போதுமே லாபமான வியாபாரம்.

கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருக்கும், உடம்பைத் தண்ணீர் மேல் நீட்டிப் படுத்தால் நெஞ்சு மிதக்கும், கால் மட்டும் மெல்ல மெல்லக் கீழே போகும். நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரல் நிறையக் காற்று இருக்கிறது, அது நம் சொந்த மிதவை. இடுப்புக்குக் கீழே கனத்த எலும்பும் தசையும். மிதக்கவைக்கும் விசை ஓர் இடத்தில் மேலே தூக்க, எடை அதற்குச் சற்றுத் தள்ளிக் கால் பக்கமாகக் கீழே இழுக்க, உடம்பு தராசு மாதிரிச் சாய்கிறது. சாய்ந்த உடம்பு தண்ணீருக்கு முன்னால் ஒரு பலகையைப் பிடித்த மாதிரி, அப்படியே தடுக்கும். காலை அடித்து அடித்து மேலே கொண்டுவரலாம்தான், ஆனால் தொடைத் தசைகள் உடம்பிலேயே பெரியவை, ஆக்ஸிஜனை வாரிக் குடிப்பவை. 50 மீட்டர் என்றால் சமாளிக்கலாம், 800 மீட்டரில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இங்கேதான் இளம் பெண்களுக்கு இயற்கை கைகொடுக்கிறது. பெண்களின் இடுப்பு, தொடைப் பகுதியில் ஆண்களைவிடக் கொழுப்பு சற்று அதிகம், கொழுப்பு தண்ணீரில் மிதக்கும், எனவே கால் கீழே போகும் அவசரம் குறைவு. ஒரே வேகத்தில் ஒரே தூரத்தைக் கடக்கப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவான சக்தியே போதும் என்பது பல ஆய்வுகளில் அளந்து பார்த்த உண்மை. பதின்ம வயதுப் பெண்ணுக்கு இதோடு இன்னொரு சாதகமும் சேர்கிறது, உயரமும் கை நீளமும் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டிருக்கும், உடம்பு மட்டும் இன்னும் ஒடுக்கமாக இருக்கும். நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதைத்தான் தண்ணீர் விரும்புகிறது. மீனவர்களின் படகைப் பார்த்தாலே தெரியுமே.

சரி, வடிவம் மட்டும் போதுமா? போதாது, எஞ்சினும் வேண்டும். எட்டு நிமிடம் நீடிக்கும் பந்தயத்தில் சக்தியின் பெரும்பகுதி ஆக்ஸிஜனை வைத்து எரிப்பதிலிருந்து வருகிறது. அந்த எஞ்சின், அதாவது இதயம், நுரையீரல், ரத்தம், தசைக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் எல்லாம் சேர்ந்தது, பெண்களுக்கு 15 வயதிலேயே பெரியவர்களுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வந்துவிடும், நன்றாகப் பழகியிருந்தால். ஆக்ஸிஜன் இல்லாமல் ஒரு நொடியில் வெடித்துக் கிளம்பும் சக்தி வேறு வகை, அதற்குத் தசைப் பருமன் வேண்டும், அது வர வருடங்கள் ஆகும். பதக்கப் பட்டியலைப் பார்த்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. 2024 பாரிஸில் பெண்கள் 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் தங்கம் வாங்கிய ஸ்வீடனின் சாரா ஷூஸ்ட்ரோமுக்கு வயது 30. 2008 பெய்ஜிங்கில் 50 மீட்டரில் வெள்ளி வாங்கிய டாரா டோரஸுக்கு 41! குறுகிய தூரம் பெரியவர்களின் மைதானம், நீண்ட தூரம் சின்னவர்களும் புகுந்து விளையாடும் இடம்.

ஆண்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதமாக வருவதால் அவர்களின் உச்சமும் பொதுவாகத் தள்ளிப்போகிறது. 2000 சிட்னியில் 15 வயதில் நீந்திய மைக்கேல் பெல்ப்ஸ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஐந்தாவதாகத்தான் வந்தார்.

இப்போது அந்த டம்ளருக்கு வருவோம். தலை ஆடாமல் இருந்தால் முதுகெலும்பு நேராக இருக்கும், முதுகெலும்பு நேராக இருந்தால் இடுப்பு தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நிற்கும். தலையை இரண்டு அங்குலம் தூக்கினால்கூடப் போதும், மறுமுனையில் கால் உடனே இறங்கிவிடும். தோள்களும் இடுப்பும் ஓர் அச்சைச் சுற்றி உருள, அந்த அச்சு மட்டும் அசையாமல் இருக்க வேண்டும். பம்பரம் சுற்றும்போது நடுவில் ஆணி நிற்கிறதே, அதைப் படுக்கவைத்துப் பார்த்தால் இதுதான்.

மூச்சு எடுக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால் இன்னும் அழகு. தலை முன்னால் போகும்போது நெற்றிக்கு முன்னே தண்ணீர் மேடாக எழும்பும், எழும்பிய தண்ணீர் கன்னத்துக்குப் பக்கத்தில் பள்ளமாக இறங்கும். நன்றாக நீந்துபவர்கள் தலையைத் தூக்குவதே இல்லை, அந்தப் பள்ளத்துக்குள் வாயைத் திருப்புகிறார்கள், அவ்வளவுதான். ஒரு கண் தண்ணீருக்குள், ஒரு கண் வெளியே, வாய் சுற்றியிருக்கும் நீர்மட்டத்துக்கும் கீழே, ஆனாலும் காற்று உள்ளே போகிறது. புதிதாகப் பழகுபவர்கள் மூச்சுக்காகத் தலையைத் தூக்கித் தூக்கி அரைக் குளத்திலேயே களைத்துப்போவதற்குக் காரணம் இதுதான், மூச்சு போதாததால் களைப்பதில்லை, ஒவ்வொரு முறையும் காலை இறக்கி உடம்பையே பிரேக்காக மாற்றிக்கொள்கிறார்கள்.

லெடெக்கி வலப்பக்கம் திரும்பி மூச்செடுப்பவர். அவருடைய இரண்டு கைகளும் ஒரே தாளத்தில் சுழல்வதில்லை, நடுவே குதிரைப் பாய்ச்சல் மாதிரி ஒரு சின்ன எம்பல் இருக்கும். மூச்செடுக்கும் அந்த நொடியில் எதிர்க் கை முன்னே நீண்டு தங்குகிறது, உடம்பின் நீளம் விரல் நுனி வரைக்கும் கூடுகிறது, நீண்ட படகுக்கு அலையின் தடை குறைவு. ஆண் வீரர்களிடம் அதிகம் பார்த்த இந்த நடையை 15 வயதுப் பெண் எட்டு நிமிடம் விடாமல் காட்டியதுதான் லண்டனில் நீச்சல் தெரிந்தவர்களை வாயைப் பிளக்க வைத்தது.

அடுத்த நான்கு வருடக் கதையை ஓர் எண்ணில் சொல்லிவிடலாம்: 565. அவரும் பயிற்சியாளர் புரூஸ் ஜெம்மலும் 2016 ரியோவுக்காக வைத்துக்கொண்ட இலக்கு அது. 400 மீட்டரை 3:56இல், 800 மீட்டரை 8:05இல் முடிக்க வேண்டும், அந்த 56ஐயும் 5ஐயும் சேர்த்துக் குறித்துக்கொண்டார்கள். ரியோவில் 400 மீட்டர் 3:56.46, 800 மீட்டர் 8:04.79, இரண்டும் உலக சாதனை. 800இல் இரண்டாவதாக வந்தவர் சுவரைத் தொட்டது பதினொரு வினாடிக்கு மேல் கழித்து.

லண்டனுக்கும் ரியோவுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ பத்து வினாடி. 800 மீட்டர் என்பது 50 மீட்டர் குளத்தில் 16 நீளம், வகுத்துப் பார்த்தால் ஒரு நீளத்துக்கு 30.9 வினாடியிலிருந்து 30.3க்கு வந்திருக்கிறார். அரை வினாடிக்குக் கொஞ்சம் அதிகம், கண் சிமிட்டும் நேரத்தில் இரண்டு மடங்கு இருக்குமா? வேகத்தில் அது 2 சதவீதம். முன்னால் சொன்ன எட்டு மடங்குக் கணக்கை இங்கே போட்டால், நீந்தும் விதத்தில் எதுவும் மாறாமல் இருந்தால், திறனில் 6 சதவீதத்துக்கு மேல் கூட வேண்டும். ஏற்கெனவே உலகத்திலேயே முதலில் இருப்பவர் இன்னும் 6 சதவீதம் கூட்டுவது என்றால் விடியுமுன்னே எழுந்து குளத்துக்குப் போன எத்தனை காலைகள் அதற்குள் இருக்கும்!

அப்படியானால் 15 வயதில் ஜெயித்த எல்லாரும் ஏன் இப்படி நீடிக்கவில்லை? தண்ணீர் எந்தக் காரணத்துக்காகச் சின்ன வயதில் வழிவிட்டதோ, அதே காரணத்துக்காகப் பின்னால் கணக்குக் கேட்கிறது. இடுப்பு அகலமாகும், தோள் விரியும், எடை கூடும், எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் மாறும். மிதக்கும் சமநிலை மாறிவிட்டால் பத்து வருடமாகப் பழகிய நீச்சல் இன்னொருவர் உடம்புக்குத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிடும். அமெரிக்காவின் ஜேனட் எவன்ஸ் 1988 சியோலில் 17 வயதில் மூன்று தங்கம் வாங்கியவர், சின்ன உருவம், காற்றாடி மாதிரி நீட்டிச் சுழலும் கைகள். அடுத்த ஒலிம்பிக்கிலும் 800இல் தங்கம் வாங்கினார், ஆனால் 1989இல் அவரே வைத்த 8:16.22ஐ அவரால் திரும்பத் தொட முடியவில்லை. மற்றவர்களுக்கும் அதை முறியடிக்க 2008 வரை ஆனது.

தோள் இன்னொரு பிரச்சினை. ஒரு நீளத்துக்கு ஒரு கை 20 முறை சுழல்கிறது, ஒரு வேளைப் பயிற்சியில் 6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே காலையில் ஒரு தோள் 2,400 முறை சுற்றியிருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் மூட்டு அது. 2012 லண்டனில் 17 வயதில் நான்கு தங்கம் வாங்கிய மிஸ்ஸி ஃபிராங்க்ளின் தோள் வலியோடு போராடி 23 வயதில் ஓய்வு பெற்றார். மனசும் களைக்கும். ஷேன் கூல்ட் விலகியது 16 வயதில். ஒரு கட்டத்தில் 100 மீட்டரிலிருந்து 1500 மீட்டர் வரை பெண்கள் ஃப்ரீஸ்டைல் உலக சாதனை எல்லாமே அவர் பெயரில் இருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. சின்ன வயதில் ஜெயிக்கும் பிள்ளைகளைக் கொண்டாடும் நாம், உடம்பு மாறும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் நேரம் கூடுவது இயல்பு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், சோம்பேறித்தனம் என்று பயிற்சியாளரோ பெற்றோரோ திட்டினால் அது அறிவியலுக்கே விரோதம்.

லெடெக்கிக்கும் தேக்கம் வந்தது. ரியோவில் வைத்த 8:04.79ஐ ஒன்பது வருடம் அவரும் நெருங்கவில்லை, யாரும் நெருங்கவில்லை. டோக்கியோவில் 800இல் தங்கம்தான், நேரம் 8:12.57. பாரிஸிலும் தங்கம், 8:11.04. 2024 பிப்ரவரியில் 17 வயது கனடியப் பெண் சம்மர் மெக்கின்டாஷ் 800இல் அவரைத் தோற்கடித்தார், 13 வருடங்களில் அந்தத் தூரத்து இறுதிப்போட்டியில் அவர் தோற்றது அதுவே முதல் தடவை. பதின்ம வயதுப் பெண் ஒருவர் முதலிடத்தில் இருப்பவரை முந்துகிறார், லண்டன் காட்சியே இடம் மாறி நடக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது என்று பலரும் நினைத்திருப்பார்கள்.

2025 மே மாதம் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில், 28 வயதில், லெடெக்கி 8:04.12 நீந்தினார். உலக சாதனை. ஒரு நீளத்துக்கு ரியோவைவிட 0.04 வினாடி குறைவு. ஒன்பது வருட உழைப்பின் கணக்கு அது.

ஆகஸ்ட் 2ஆம் தேதி, லண்டன் பந்தயத்துக்கு 13 ஆண்டு நிறைய ஒரே நாள் பாக்கி. சிங்கப்பூரில் உலகப் போட்டியின் 800 மீட்டர் இறுதி. பக்கத்தில் மெக்கின்டாஷ், இப்போது 18 வயது. ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டரும் விடவில்லை. லெடெக்கி 8:05.62, பாலிஸ்டர் 8:05.98, மெக்கின்டாஷ் 8:07.29. மூன்று பேரும் இரண்டு வினாடிக்குள். லண்டனில் தங்கம் கொடுத்த 8:14.63ஐ அன்று நீந்தியிருந்தால் வெண்கலத்துக்கே ஏழு வினாடிக்கு மேல் தூரம் இருந்திருக்கும்.