முதல் பட்டதாரி சான்றிதழ்: யாருக்குக் கிடைக்கும், எதற்கு உதவும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் இ-சேவை மையங்களின் வாசலில் நிற்கும் வரிசையில் ஒரு சிலரை எளிதாக அடையாளம் காணலாம். கையில் ஒரு துணிக்கடைப் பை இருக்கும். அதற்குள் வீட்டில் உள்ள எல்லோருடைய ஆதார் அட்டையும், குடும்ப அட்டையும், பழுப்பேறிய மாற்றுச் சான்றிதழ்களும் இருக்கும். எந்தத் தாள் எதற்குத் தேவைப்படும் என்று சொல்ல ஆள் இல்லாததால் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள். அவர்கள் கேட்டு வந்திருப்பது முதல் பட்டதாரி சான்றிதழ். சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும் ஒன்று உண்டு என்று சொல்பவை. இந்தச் சான்றிதழோ, குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லை என்று சொல்வது. இல்லாத ஒன்றைத் தாள்களைக் கொண்டு காட்டுவது எளிதன்று. அதிலும், விண்ணப்பம் எழுதிப் பழகியவர் ஒருவர்கூட இல்லாத வீடுகள்தாம் அதைக் காட்ட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு இந்தச் சலுகையை 2010–2011 கல்வியாண்டு முதல் வழங்கி வருகிறது. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு (மதிப்பெண் தரவரிசைப்படி அரசு நடத்தும் பொதுச் சேர்க்கை) வழியாக இடம் பெறும் மாணவர், தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருந்தால், அவருடைய கல்விக் கட்டணத்தில் அரசு நிர்ணயித்த தொகையை அரசே கல்லூரிக்குச் செலுத்துகிறது. இதற்குச் சாதி வரையறை இல்லை. வருமான வரம்பும் இல்லை. "எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சலுகையின் அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை ஆண்டுக்கு 25,000 ரூபாயை அரசு ஏற்கிறது. இக்கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவாக இருந்தால் 55,000 ரூபாய் என்பதோடு ஒப்பிட்டால், இது ஏறக்குறைய பாதிதான். மேலும் இது கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே உரியது. விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம், சீருடை, ஆய்வகப் பொருள்கள் ஆகியவை அனைத்தும் குடும்பத்தின் பொறுப்பிலேயே இருக்கின்றன. கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்த அனுபவம் உள்ள குடும்பம் இவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும். முதன்முறையாகச் சேர்க்கும் குடும்பமோ, "சலுகை கிடைத்துவிட்டது" என்ற நிம்மதியோடு போய், சேர்க்கை நாளன்று கட்டணப் பட்டியலைப் பார்த்த பிறகே வட்டிக்குப் பணம் தேடத் தொடங்குகிறது. ஆகவே கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போதே, கல்விக் கட்டணம் தவிர மற்றவை எவ்வளவு என்பதை அந்தந்தக் கல்லூரியின் அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இச்சலுகையை இழப்பதற்கான பெரிய காரணம் இடம் பெறும் வழிதான். கல்லூரி நிர்வாகமே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கும், முதல் பட்டதாரி சான்றிதழ் கையில் இருந்தாலும் இந்தக் கட்டணச் சலுகை கிடைக்காது. தேர்வு முடிவு வந்த ஓரிரு நாளிலேயே வீடு தேடி வரும் இடைத்தரகர்கள், "சான்றிதழ்களை இப்போதே கொடுத்துவிடுங்கள், இடத்தை உறுதி செய்துவிடலாம், அரசுச் சலுகையெல்லாம் பிறகு வாங்கித் தருகிறோம்" என்று சொல்வதுண்டு. கலந்தாய்வு எப்போது, எத்தனைச் சுற்றுகள், கட்-ஆஃப் மதிப்பெண் என்றால் என்ன என்பதை விளக்க ஒருவரும் இல்லாத வீட்டில், அந்தப் பேச்சே முதல் தகவலாகவும் கடைசித் தகவலாகவும் ஆகிவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய 500 ரூபாய், பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் ஆகியோருக்கு 250 ரூபாய் என்ற அளவில்தான் கட்டணம் இருந்து வருகிறது. மாவட்டந்தோறும் இதற்கென உதவி மையங்களும் செயல்படுகின்றன. அசல் சான்றிதழ்களை எந்தத் தனியாரிடமும் ஒப்படைக்காமல் முதலில் அங்கே செல்வதுதான் பாதுகாப்பான வழி.

அடுத்து, "குடும்பம்" என்று யாரையெல்லாம் கணக்கில் எடுக்கிறார்கள் என்ற கேள்வி. தந்தை, தாய், தந்தைவழித் தாத்தா பாட்டி, தாய்வழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. சித்தப்பா, மாமா, அத்தை ஆகியோரின் படிப்பு இதைப் பாதிப்பதில்லை. டிப்ளமோ என்பது பட்டம் அன்று; எனவே அண்ணன் பாலிடெக்னிக் முடித்திருப்பது தம்பிக்குத் தடையாகாது. ஆனால் அக்கா கலைக் கல்லூரியில் பி.ஏ. முடித்திருந்தால், தம்பிக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காது. கலை, அறிவியல் படிப்புகளுக்கு இச்சலுகை பொருந்தாது என்பதால் அக்கா அதனால் ஒரு ரூபாய்கூடப் பயன் அடைந்திருக்க மாட்டார். இருந்தும் "முதல் பட்டதாரி" என்ற இடம் அவரோடு முடிந்துவிடுகிறது. விதியின் சொற்படி இது சரியே என்றாலும், விதி வகுக்கப்பட்ட நோக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வியாகவே எனக்குத் தோன்றுகிறது.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வருவாய்த் துறைச் சேவைகளில் இதன் எண் 104. மாணவரின் பெயரில் குடிமக்கள் கணக்கு எண் முன்பே இல்லையென்றால் அதை முதலில் உருவாக்குவார்கள். புகைப்படம், முகவரிச் சான்று, குடும்ப அட்டை, மாணவரின் மதிப்பெண் பட்டியல் அல்லது மாற்றுச் சான்றிதழ், குடும்பத்தினரின் கல்வித் தகுதியைக் காட்டும் தாள்கள், இவை உண்மை என்று தரும் உறுதிமொழி ஆகியவை தேவைப்படும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைக் கடந்து வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் பெறுகிறது. பெரும்பாலும் சிக்கல் எழுவது கல்வித் தகுதியைக் காட்டும் தாள்களில்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட தந்தையின் மாற்றுச் சான்றிதழ் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத தாய்க்கு அப்படியொரு தாள் எக்காலத்திலும் இருந்ததில்லை. இத்தகைய நிலையில் உறுதிமொழியும் கிராம நிர்வாக அலுவலரின் நேரடி விசாரணையுமே ஆதாரமாக அமைகின்றன. எனவே இணையத்தில் விண்ணப்பித்ததோடு நிறுத்திவிடாமல், ஒப்புகைச் சீட்டோடு அவரை நேரில் பார்த்துக் குடும்ப விவரத்தைச் சொல்லிவிடுவது பல நாள் தாமதத்தைத் தவிர்க்கும். இறந்துபோன தாத்தா பாட்டியின் பெயர்களும் கேட்கப்படும் என்பதால் அவற்றையும் சரியான எழுத்துகளில் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிட்டால் வரிசையும் குறைவு, பதற்றமும் குறைவு.

சான்றிதழோடு, மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் கலந்தாய்வுப் பதிவின்போதே இணைக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று விடுபட்டாலும் சலுகை பதிவாகாமல் போகக்கூடும். கல்லூரியில் சேர்ந்த பிறகு, செலுத்தும் தொகைக்கான ரசீதில் சலுகை கழிக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இந்தச் சான்றிதழுக்கு அலையும் முன் வேறொன்றைப் பார்க்க வேண்டும். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட பிற தொழிற்கல்விப் படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உள்ளது. அதன் வழியாக இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே முழுமையாக ஏற்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், அவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. முதல் பட்டதாரி சலுகையைவிட அது கூடுதல் பயன் தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எதைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

கலை, அறிவியல் கல்லூரியில் சேர்ந்த முதல் தலைமுறையினருக்கு மாத உதவித்தொகைத் திட்டங்களே கைகொடுக்கின்றன. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின்படி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படுகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளும் பின்னர் இதில் சேர்க்கப்பட்டனர். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கப்பட்டது. வேறு உதவித்தொகை பெறுவது இவற்றுக்குத் தடையில்லை. ஆகவே முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் படிப்பவரும், பள்ளிக் கல்வி நிபந்தனை பொருந்தினால், இதையும் பெறலாம். மாதம் 1,000 ரூபாய் சிறிய தொகைதான். எனினும் பேருந்துக் கட்டணத்துக்கும் நகல் எடுக்கவும் வீட்டில் கை நீட்ட வேண்டாம் என்ற நிலை, "படித்தது போதும், வேலைக்குப் போ" என்ற பேச்சு எழும் வீடுகளில் ஒரு பிள்ளையை இரண்டாம் ஆண்டுக்குக் கொண்டுசேர்த்துவிடும்.

வீட்டில் இரண்டாவது பிள்ளையும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தால், மூத்தவர் இச்சலுகையைப் பெற்றுவிட்ட பின் இளையவருக்கு அது கிடைக்காது என்பதை இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும். இளையவரின் படிப்புக்குக் கல்விக் கடனே வழி என்றால், 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் வங்கிகள் கடன் தர விதிமுறை உள்ளது. அந்தக் கடனுக்கும் கலந்தாய்வின் ஒதுக்கீட்டு ஆணைதான் முதலில் கேட்கப்படும் தாள்.