காய்ந்த சேற்றை நீர் எப்படி உடைக்கிறது?

பூநகரிப் பக்கம் வயல் செய்யும் கொடிகாமத்து வாசகர் ஒருவர், மாரி காலத்தில் சேற்றுப் பாதையால் ஓடிவிட்டு வரும் தம் ஜீப்பை ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டு, நல்ல பருத்தித் துணியால் தேய்த்தே கழுவுவதாக எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் கறுப்புப் பொனற்றில் வெயில் படும்போது வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகின்றனவாம். குற்றம் பெயின்றிலா, சவர்க்காரத்திலா என்பது அவருடைய கேள்வி. இரண்டிலும் இல்லை என்பதே என் விடை. துணி வண்டியைத் தொட்ட நேரத்தில்தான் பிழை இருக்கிறது.

இன்றைய வாகனங்களில் நிறப்பூச்சுக்கு மேலே நிறமற்ற பல்பகுதியப் (பிளாஸ்ரிக் வகை) படை ஒன்று இருக்கும். அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோமீற்றர், அதாவது தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. கனியங்களின் வன்மையை ஒப்பிட 1812இல் பிரீட்ரிக் மோஸ் வகுத்த அளவுத்திட்டத்தில் கத்தியின் உருக்குக்கு ஏறத்தாழ 5.5, மணலின் பெரும்பகுதியாகிய குவார்ட்ஸுக்கு 7. பல்பகுதியப் படையோ உருக்கை விடவும் மிக மென்மையானது. மணற்துகள் தனியே உருண்டு போனால் பெரிய சேதமில்லை. துணியின் இழைகளுக்குள் அது சிக்கி நிலைகொள்ளும்போதுதான் அந்தத் துணி அரமாகிவிடுகிறது. கோடுகள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால், சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டங்கள் இருப்பதாகக் கண்ணுக்குப் படுகிறது.

ஆகவே, துணி படுவதற்கு முன்பே மணல் முழுவதும் வண்டியை விட்டு நீங்கிவிட வேண்டும். மணலைப் பிடித்து வைத்திருப்பது களி. 2 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த களித்துகள்கள் பெரும்பாலும் தட்டையான தகடுகளாக இருக்கும். சேறு காயும்போது, தகடுகளுக்கு இடையே எஞ்சும் நீர்ப்படலம் சுருங்கிச் சுருங்கி அவற்றை ஒன்றோடொன்றும் பெயின்றோடும் நெருக்குகிறது. நீர் போன பின்னர், அந்த நெருக்கத்தில் மட்டுமே வலுப்பெறும் மூலக்கூற்று விசைகள் பிடித்துக்கொள்கின்றன. மணல் அதற்குள் புதைந்து கிடக்கிறது.

இந்தப் பிடியை நீர் குலைக்கும் விதம்தான் எனக்கு இந்த விடயத்தில் மிகவும் பிடித்தது. நன்றாகக் காய்ந்த சேற்றுக் கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெதுவாக இட்டுப் பாருங்கள். முதலில் குமிழிகள் வரும். பிறகு ஓரங்கள் பொரிந்து விழும். யாரும் தொடாமலே, சில நிமிடங்களில் கட்டி குவியலாகச் சரிந்துவிடும். நீர் களியைக் கரைத்துவிட்டது என்று நாம் நினைப்போம். ஆனால் களி நீரில் கரைவதில்லை. நடப்பது வேறு. காய்ந்த கட்டிக்குள் நுண்துவாரங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றுள் வளி இருக்கிறது. நுண்துவாரங்கள் நீரைத் தாமாகவே உறிஞ்சும் மயிர்த்துளைமையால் நீர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே பாய, நடுவில் அகப்பட்ட வளி வெளியேற வழியின்றி நெருக்கப்படுகிறது. 1 மைக்ரோமீற்றர் ஆரையுள்ள துவாரத்தை நீரின் மேற்பரப்பிழுவையோடு (நீரின் மேற்பரப்பு இழுத்த தோல்போல் சுருங்கப் பார்க்கும் விசை) சேர்த்துக் கணக்கிட்டால், நீரை உள்ளிழுக்கும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 1.4 மடங்காக வருகிறது; துவாரம் சிறுக்கச் சிறுக்க அது கூடும். அவ்வளவு அமுக்கத்தில் நெரிபடும் வளி, கட்டியை உள்ளேயிருந்தே வெடிக்கச் செய்கிறது. பொனற்றில் ஒட்டிய சேற்றுக்குப் பின்பக்கம் உலோகம் அடைத்திருப்பதால், வளிக்கு அந்த வழியும் இல்லை.

இதே சோதனையை ஈரம் பிடித்த கட்டியோடு செய்தால் குமிழிகள் அதிகம் வருவதில்லை. துவாரங்கள் ஏற்கெனவே நீரால் நிரம்பியிருப்பதால் உறிஞ்சுதலும் குறைவு, அகப்படும் வளியும் குறைவு. அரைகுறையாகக் காய்ந்து, விரலில் பிசுபிசுக்கும் நிலையில் உள்ள சேறுதான் மிகவும் பிடிவாதமானது. எனவே வீடு வந்தவுடன், சேறு வழிந்தோடும் பதத்தில் இருக்கும்போதே கழுவிவிடுவது சிறந்தது. முற்றாகக் காய்ந்துவிட்டாலும் கவலை வேண்டாம். சுரண்டாமல் நீரிடம் விட்டுவிடலாம்.

மண்ணுக்கு மண் பொறுமையின் அளவு மாறும். வலிகாமத்துச் செம்மண்ணில் முதன்மையான களிக்கனியம் கயோலினைற்று. அதன் அடுக்குகளுக்கு இடையே நீர் புகாததால் அது அதிகம் உப்பாது. உடைக்கும் வேலை பெரும்பாலும் வளியுடையது. முருங்கன், துணுக்காய்ப் பக்கக் கருங்களி அப்படியல்ல. நீர் அதன் அடுக்குகளுக்குள்ளேயே புகுந்து அதை உப்பச் செய்கிறது, உப்பிய களி நீர் போகும் துவாரங்களையும் அடைத்துக்கொள்கிறது. அங்கே போய் வந்த வண்டியை நீண்ட நேரம் நனைய விட வேண்டும். விதைத்த வயலின் மேல்மண் மழைக்குப் பின் பொருக்காக இறுகி முளையைத் தடுப்பதற்கும் இதே உடைவுதான் முக்கிய காரணம் என்பதால், ஊருக்கு ஊர் மண்ணை நீரிலிட்டுச் சோதித்துப் பதியும் ஆய்வுக்கு வடக்கில் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவையில்லை.

இனிச் செய்முறை. வண்டியை நிழலில் நிறுத்தி, சில்லுக் கூடுகளையும் அடிப்பகுதியையும் முதலில் கழுவுங்கள். அங்கிருந்து தெறிக்கும் மணல் பிறகு வந்து படக்கூடாது. பின்னர் உடல் முழுவதையும் மெல்லிய தூறலாக நனைத்து, பத்து நிமிடமளவு காயவிடாமல் திரும்பத் திரும்ப நனையுங்கள். இந்தக் கட்டத்தில் வெறும் தண்ணீரே போதும். ஷாம்பூ மேற்பரப்பிழுவையைக் குறைப்பதால் நீரின் உறிஞ்சு விசையும் குறையும், களியோ ஷாம்பூ இல்லாமலே நன்றாக நனையும். அதன் பின் மேலிருந்து கீழாக நீரை ஓடவிட்டால் மணல் தானாக வழிந்து போகும். அமுக்க இயந்திரம் வைத்திருப்பவர்கள் விசிறிபோல் விரியும் முனையைப் போட்டு, அரை மீற்றராவது தள்ளி நின்று, சாய்வாகப் பீச்ச வேண்டும். நேர்குத்தாக அடித்தால் மணல் பெயின்றிலேயே மோதும்.

இவ்வளவும் செய்த பின்னர் செம்மண்ணின் இரும்பு ஒட்சைட்டும் நுண்களியும் சேர்ந்த மெல்லிய செம்படலம் மட்டும் எஞ்சும். துணிக்கு இப்போதுதான் வேலை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து நீர் எடுப்பவை. கல்சியம் மிகுந்த அந்த வன்னீரில் சவர்க்காரம் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாகி, மிஞ்சிய துகள்களைப் பெயின்றில் ஒட்டவைக்கும். வாகன ஷாம்பூவுக்கு இந்தக் குறை இல்லை, வழுவழுப்பும் கூடுதல். வாளிகள் இரண்டு வேண்டும், ஒன்று ஷாம்பூவுக்கு, மற்றது துணியை அலசுவதற்கு. அழுத்தாமல், வட்டமாகச் சுழற்றாமல், நேர்கோட்டில் துடையுங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் சேறு சுத்தமாகப் போகும் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்னும் இருக்கிறது. களியையும் மணலையும் அது ஒன்றும் செய்யாது, றப்பர்ப் பட்டிகளைத்தான் கெடுக்கும்.

கிணற்று நீர் பொனற்றிலேயே உலர்ந்தால் கல்சியம் காபனேற்று வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். மழை நீர் சேமித்து வைத்திருந்தால் கடைசி அலசலை அதனால் செய்து, மென்மையான துவாயால் ஒற்றி எடுங்கள். வாசகரின் வண்டியில் ஏற்கெனவே விழுந்த கோடுகளைப் பொலிஷ் செய்து போக்கலாம். ஆனால் பொலிஷ் கோட்டை நிரப்புவதில்லை. கோட்டின் ஆழம் வரை சுற்றியுள்ள படையைச் சீவி எடுக்கிறது. 40 மைக்ரோமீற்றரில் அப்படிச் சில தடவைகள்தான் எடுக்க முடியும் என்பதால், கழுவும் முறையை மாற்றிய பிறகு அதைச் செய்விப்பதே நல்லது.