ஒரே ஆளு, ரெண்டு கை, ஒரு பாய்: லேசர் படகு எப்படி ஓடுது

ஒகேனக்கல்ல பரிசல் ஓட்டுற அண்ணனுங்கள பாத்திருப்பீங்க, ஒரே துடுப்ப முன்னாடி போட்டு இழுத்தே அத்தன பேர கூட்டிட்டு போயிடுவாங்க. பரிசல் வட்டமா, அடி தட்டையா இருக்கறதால அதுக்கு முன்ன பின்னன்னே கெடையாது, தண்ணிக்குள்ள எறங்கி நிக்கிற பலகை ஒண்ணும் இல்ல, பாறை இருக்கற ஆத்துக்கு அதான் சரி. ஆனா அதுல பாய் கட்டுனீங்கன்னா காத்து தள்ளுற பக்கம்தான் போவும், காத்த எதுத்து ஒரு அடி ஏறாது.

ஆனா லேசர் மாதிரி ஒத்த ஆளு ஓட்டுற பாய்ப்படகு ரேஸ்ல பாதி தூரம் காத்த எதுத்துதான் போகணும். நேரா போக முடியாது, காத்து வர்ற திசைக்கு சுமார் 45 டிகிரி கோணத்துல வளைஞ்சு வளைஞ்சு ஏறணும். அப்போ பாய்ல விழுற விசை பெரும்பாலும் படக பக்கவாட்டுலதான் தள்ளும், அத தடுக்கத்தான் நடுவுல ஒரு பலகை தண்ணிக்குள்ள எறங்கி நிக்குது, டேகர்போர்டுனு சொல்வாங்க. பக்கவாட்டுல நகர வழியில்லாம மிச்சம் இருக்கற விசை படக முன்னாடி இழுத்துட்டு போவுது.

இப்ப அடுத்த சிக்கல் வருது. மேல காத்து ஒரு பக்கம் தள்ளுது, கீழ பலகை எதுத்து நிக்குது, அப்போ படகு கவுறத்தான் பாக்கும். பெரிய படகுல அடியில ஈயமோ இரும்போ வெச்சு பாரம் ஏத்துவாங்க. ஒத்த ஆளு படகுல அந்த பாரமே ஓட்டுற ஆளுதான்! புரூஸ் கிர்பி வரைஞ்சு 1971ல விற்பனைக்கு வந்த லேசர் படகோட வெத்து உடம்பு சுமார் 59 கிலோ, நீளம் 4.2 மீட்டர், ஓட்டுறவரு 80 கிலோ. படகவிட ஆளு கனம். அவரு நடுவுல உக்காந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, உள்ள இருக்கற பட்டையில பாதத்த மாட்டிட்டு தொடை விளிம்புல இருக்க உடம்ப மொத்தமா வெளிய நீட்டணும், எடை அதேதான் ஆனா நடுக்கோட்டுல இருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போனதும் அது நெம்புகோலா வேல செய்யுது. தொடையும் வயிறும் எரியும். வேலூர்ல பொறந்த விஷ்ணு சரவணன் டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்லயும் ஓட்டுனது இந்தப் படகுதான், பாக்க சும்மா சாஞ்சு படுத்திருக்கற மாதிரி இருக்கும், உண்மையில அவ்ளோ நேரமும் காத்தோட மல்லுக்கட்டு நடக்குது.

காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்காகும், உடம்பு எடை கூடவா போவுது? இந்த எடத்துலதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் வருது, பாய்மரம். ரெண்டு குழாய் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி நிக்குது, இழுத்துப் புடிக்க கம்பி எதுவும் கெடையாது, பாய அது மேல தலகாணி உறை மாதிரி மாட்டிடுவாங்க. திடீர்னு காத்து வீசுனா மரத்தோட நுனி வளையும், பாயோட வயிறு தட்டையாகும், மேல்பக்க பின்னோரம் தெறந்து காத்த வெளிய விட்டுடும், யாரும் தொடாமயே. வேணும்னே இன்னும் தட்டையாக்க கிக்கர்னு ஒரு கயிறு, அது பாயோட அடியோரத்துல படுக்கையா இருக்கற கம்பத்த கீழ இழுக்கும், மரம் இன்னும் வளையும்.

ஒரு கை சுக்கான்ல, இன்னொரு கை பாய்க்கயித்துல, மூணாவது கை இல்ல. அதனால மத்த கயிறெல்லாம் இழுத்து விட்டதும் படகுல இருக்கற பல்லு வெச்ச புடிப்பு கடிச்சு நிக்கிற மாதிரி கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. உடம்ப வெளிய நீட்டுனப்பவும் சுக்கான் எட்டணுமேன்னு அதுக்கு ஒரு நீளக் குச்சிய சேத்திருப்பாங்க.

வேகம் பத்தி ஒண்ணு. இந்த நீளத்துக்கு படகு தண்ணிய கிழிச்சிட்டு போற வரைக்கும் மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர்தான், தானே எழுப்புன அலையில சிக்கிக்கும். பின்பாதி அடி தட்டையா இருக்கறதால நல்ல காத்துல அந்த அலை மேல ஏறி தண்ணி மேல வழுக்கிட்டு ஓடும், வேகம் சட்டுனு கூடும்.

கவுந்தா? டேகர்போர்டு மேல ஏறி நின்னா போதும், நிமிந்துடும், படகு ஓட ஆரம்பிச்சதும் தேங்குன தண்ணி அடியில இருக்கற ஓட்டை வழியா வடிஞ்சிடும், வேற ஆளு தேவையில்ல.

எடை கம்மியான பசங்களுக்கும் அதே படகுதான், பாயும் கீழ்க்குழாயும் மட்டும் மாறும்: பெருசு 7 சதுர மீட்டர், நேத்ரா குமணன் ஒலிம்பிக்ல ஓட்டுனது 5.76, சின்னது 4.7. நம்ம கிருஷ்ணகிரி பக்கத்து அம்பது கிலோ பையனோ பொண்ணோ ஆரம்பிக்கணும்னா அந்த 4.7தான் சரியா இருக்கும்.