கையெழுத்து இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள்

ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் உயரமும் 56 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தாள். கறுப்பில் தடித்த வீச்சுகள், இடையிடையே சிவப்பு, மஞ்சள், நீலம். நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக் கோடு. திருப்பிப் பார்த்தால் பிரெஞ்சில் அச்சடித்த வாசகம். முன்பக்கம் வலது கீழ் ஓரத்தில் பென்சிலில் ஸ்பானிய ஓவியர் மிரோவின் கையெழுத்து, இடது ஓரத்தில் 41/75, அதாவது 75 பிரதிகளில் 41 என்ற எண்.

இப்படிப்பட்ட அரூப அச்சோவியத் தாள்கள் (உருவம் இல்லாமல் வெறும் கோடும் வண்ணமுமாக இருப்பவை) மதிப்பீட்டுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றில் மிரோ, இன்னொன்றில் அமெரிக்கக் கலைஞர் கால்டர், வேறொன்றில் வேறு யாரோ. கொண்டுவருபவர் சொல்வது மட்டும் மாறுவதே இல்லை: “கையெழுத்து இருக்கே, நம்பர் கூடப் போட்டிருக்கே!”

படம் போலியில்லை என்பதுதான் இதில் வேதனை. பாரிஸின் மாக் கலைக்கூடம் 1946 முதல் 1982 வரை ‘டெரியேர் ல மிர்வார்’ என்ற கலைப் பத்திரிகையை வெளியிட்டது. அதற்குள் நவீன ஓவியர்களின் அசல் லித்தோ அச்சுகள் (கல்லிலோ தகட்டிலோ வரைந்து தாளில் இறக்குபவை) மடித்து வைக்கப்பட்டு வந்தன. சாதாரணப் பிரதிகளில் இருந்த அந்த அச்சுகளில் கையெழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. அதே படங்கள் சிலவற்றை மடிப்பில்லாமல், நல்ல தாளில், சிறு எண்ணிக்கையில் தனியாக அச்சிட்டு ஓவியர் கையெழுத்திட்டதும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவேதான் மோசடிக்காரர் புகுந்துகொள்கிறார். பத்திரிகையிலிருந்து தாளை எடுக்கிறார், பென்சிலைக் கூராக்குகிறார். மடிப்பும் பின்பக்க வாசகமும் உள்ள தாளில் 41/75 என்று இருந்தால் அது பின்னால் எழுதியதுதான், மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

தயவுசெய்து ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சைப் பற்றிப் பென்சில் எதையும் நிரூபிப்பதில்லை. மரக்கட்டையிலோ கல்லிலோ தகட்டிலோ திரையிலோ ஓவியர் வேலை செய்து, அதிலிருந்து மை தாளில் இறங்கியிருக்கிறதா என்பது ஒரு கேள்வி. ஓரத்தில் யார் எழுதினார் என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் இரண்டாவதற்கே போக வேண்டும். எல்லோரும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

கையெழுத்து அசலாகவே இருந்தாலும் அச்சு குப்பையாக இருக்கலாம். 1974-ல் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே உள்ள குட்டி நாடான அந்தோராவின் எல்லையில் பிரெஞ்சுச் சுங்கத்துறை ஒரு வண்டியை நிறுத்தியது. உள்ளே இருந்தவை ஸ்பானிய ஓவியர் டாலி கையெழுத்திட்ட வெற்றுத் தாள்கள், சுமார் 40,000. அந்த மாதிரித் தாளில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கையெழுத்து நிபுணரிடம் கொண்டுபோனால் ‘அசல்’ என்றுதான் சொல்வார், அவர் சொல்வதும் சரிதான். டாலி அரூப ஓவியர் இல்லை என்றாலும் இந்தப் பாடம் எல்லா அச்சோவியத்துக்கும் பொருந்தும்.

அரூப ஓவியத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். முகம் வரைந்திருந்தால் மூக்கு கோணினால் தெரியும், மரம் வெளுத்தால் தெரியும். வெறும் வண்ணப் பரப்பு சற்று ஒல்லியாக இருக்கிறதா, சாம்பலாக இருப்பது ஒரு காலத்தில் ஊதாவாக இருந்ததா என்பது, அசல் பிரதியை அருகில் வைத்துப் பார்த்தாலொழியக் கண்ணுக்குப் படாது.

சரி, எதைப் பார்ப்பது? மையை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரேமின் விலையில் சிறு பங்குகூட ஆகாது, அதை வாங்காமல் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறீர்கள். படத்தில் இரண்டு நிறம் கலந்து வரும் நிறம் ஒன்றைத் தேடுங்கள். ஆரஞ்சு நல்லது. லூப்பைத் தாளுக்கு மிக அருகே பிடியுங்கள், கண்ணை லூப்புக்கு அருகே கொண்டுபோங்கள், பக்கத்து விளக்கைப் போடுங்கள்.

ஓவியரோடு அமர்ந்து அச்சுக்கலைஞர் இறக்கிய லித்தோவாக இருந்தால் அந்த ஆரஞ்சு, ஆரஞ்சு மையாகவே இருக்கும். அல்லது மஞ்சள் பரப்பின்மேல் சிவப்புப் பரப்பு ஒன்று முழுதாகப் படிந்திருக்கும். கிரேயான் இழுத்த இடங்களில் கல்லின் மணல்மணலான சொரசொரப்பு ஒழுங்கில்லாமல் தெரியும். ஆஃப்செட் (பத்திரிகைகளை அச்சிடும் இயந்திர முறை) மறுபதிப்பாக இருந்தால் ஆரஞ்சு காணாமல் போய்விடும்! மஞ்சள் புள்ளிகள், மெஜந்தா புள்ளிகள், வரிசை பிசகாமல், சிறு பூக்கள்போல வட்டமிட்டு நிற்கும். நான்கு நிறத் திரைகளை நான்கு கோணத்தில் சாய்த்து வைப்பதால் வரும் பூ அது. ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது. பழக வேண்டுமென்றால் எந்த வாரப் பத்திரிகையின் வண்ணப் பக்கத்தையும் லூப்பில் பாருங்கள்.

மற்ற முறைகளுக்கு: ஸ்கிரீன் பிரிண்டில் மை தாளின்மேல் ஒரு தோல்போல உட்கார்ந்திருக்கும், சாய்வான வெளிச்சத்தில் விளிம்பு தெரியும். மரக்கட்டை அச்சில் மை விளிம்புக்குப் பிதுங்கி, ஓரம் நடுவைவிடக் கருத்திருக்கும். தாளின் பின்பக்கம் அழுத்தம் தட்டுப்படும். எட்சிங் (அமிலத்தால் அரித்த தகடு), டிரைபாயின்ட் (ஊசியால் கீறிய தகடு) என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் அழுத்தத் தடம் இருக்க வேண்டும், கோட்டின் மை லேசாக மேடிட்டிருக்க வேண்டும். இன்க்ஜெட்டில் நேர்வரிசை கிடையாது, தூவிய பொடிபோன்ற நுண்துளிகள். அதைத்தான் ‘ஜிக்லே’ என்று பெயரிட்டு விற்கிறார்கள். அந்தப் பெயரே 1991-ல்தான் உருவானது. மிரோ 1983-ல் காலமானார். இந்தக் கணக்கை விற்பவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. புகைப்படப் புள்ளிகளை வேண்டுமென்றே ஸ்கிரீன் பிரிண்டில் கொண்டுவந்த ஓவியர்கள் உண்டு. எனவே புள்ளி தெரிந்தவுடன் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நான்கு நிறப் பூவா, ஒற்றை நிறத்தில் பெரிய புள்ளியா என்று பார்த்து, பட்டியல் நூலோடு ஒப்பிடுங்கள்.

அந்தப் பட்டியல் நூலைப் பற்றித்தான் வாங்குபவர் ஒருவரும் கேட்பதில்லை. முக்கியமான நவீன ஓவியர்கள் பெரும்பாலோரின் அச்சோவியங்களுக்கு முழுமையான ஆய்வுப் பட்டியல் இருக்கிறது. நூலகத்தில் கிடைக்கும், இல்லையென்றால் ஏல நிறுவனத்தின் அச்சோவியப் பிரிவில் கேளுங்கள். படத்தின் உயர அகலம், தாளின் உயர அகலம், அச்சு முறை, தாள் வகை, எத்தனை பிரதி, அச்சிட்டவர், வெளியிட்டவர், கையெழுத்து எங்கே, எந்தப் பென்சிலில் என்பது வரை அதில் இருக்கும். விற்பவரிடம் “இதன் பட்டியல் எண் என்ன?” என்று கேளுங்கள். ஒழுங்கான வியாபாரி தயங்காமல் சொல்வார். சொல்லாதவரிடம் விலை பேசவே வேண்டாம்.

அளக்கும்போது உயரத்தை முதலில், அகலத்தைப் பிறகு, மில்லிமீட்டரில் குறியுங்கள். எட்சிங் தாளை நனைத்து அச்சிடுவதால் காய்ந்ததும் சுருங்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம். லித்தோவில் படம் ஒரு சென்டிமீட்டர் சிறியதாக இருந்தால் அது சுருக்கம் இல்லை, மறுபதிப்பு.

ரஷ்ய அரூப ஓவியர் கான்டின்ஸ்கியின் ‘சிறு உலகங்கள்’ தொகுப்பு 1922-ல் வந்தது. 12 படங்கள், 230 பிரதிகள். லித்தோ, மரக்கட்டை அச்சு, டிரைபாயின்ட் மூன்றும் ஒரே தொகுப்பில் இருக்கின்றன. படத்துக்குள்ளேயே அவருடைய முத்திரை எழுத்தும் உண்டு, வெளியே பென்சில் கையெழுத்தும் உண்டு. உள்ளே இருப்பது தகட்டோடு சேர்ந்து அச்சானது. அதைக் காட்டி ‘கையெழுத்திட்ட பிரதி’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். லூப்பில் பாருங்கள்: படத்தின் மையும் முத்திரையின் மையும் ஒன்றே என்றால் அது அச்சு. உண்மையான பென்சிலாக இருந்தால் கரி சாய்ந்த வெளிச்சத்தில் வெள்ளிபோல மின்னும், தாளில் லேசான பள்ளம் இருக்கும். கான்டின்ஸ்கி 1944-ல் காலமாகிவிட்டார். அதன்பிறகு வெளியான எந்தத் தாளிலும் அவர் பென்சில் இருக்க வழியே இல்லை. ஓவியர் காலமான ஆண்டையும் பதிப்பு வெளியான ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

இன்னொரு வகை, ஓவியரின் எண்ணெய் ஓவியத்தைப் பார்த்து வேறொரு கைவினைஞர் லித்தோவாகச் செய்து, ஓவியரே கையெழுத்திட்டது. இது மோசடி இல்லை. ஆனால் பட்டியலிலும் பில்லிலும் ‘அவரை அடியொற்றி’ என்று குறிப்பிட்டிருக்க வேண்டும், விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும். அசல் லித்தோவின் விலையைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இப்போது அந்த எண். “3/75 கிடைத்தது, 70/75 வேண்டாம்” என்று கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். வேண்டாம், கொடுக்காதீர்கள். அச்சான தாள்கள் காயப் போடப்படுகின்றன, அடுக்கப்படுகின்றன, ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி எடுக்கப்படுகின்றன, கடைசியில் கையெழுத்து மேசைக்கு வரும்போது எது முதலில் அச்சானது என்று அச்சுக்கலைஞருக்கே தெரியாது. எண் அந்த மேசையில் விழுகிறது. டிரைபாயின்டில் முதல் சில பிரதிகள் வளமாக வருவது உண்மைதான், கோட்டின் ஓரத்துப் பிசிறு சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கேயும் எண்ணைப் பார்க்காமல் கோட்டின் வெல்வெட் போன்ற கருமையைப் பாருங்கள். லித்தோவிலும் ஸ்கிரீன் பிரிண்டிலும் 3-க்கும் 70-க்கும் இடையே விலை வித்தியாசத்துக்குக் காரணமே இல்லை.

கீழே இருக்கும் 75 என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 75-க்கு வெளியே ஓவியர் பிரதிகள் உண்டு, ஏ.பி. அல்லது இ.ஏ. என்று எழுதியிருக்கும், பதிப்பில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம். விற்பனைக்கு அல்லாதவை எச்.சி., அச்சுக்கலைஞரின் பிரதி பி.பி., ‘இதுபோல் அச்சிடு’ என்று ஒப்புதல் தந்த பிரதி பி.ஏ.டி. ஜப்பானியத் தாளில் ரோமன் எண்ணிட்ட இன்னொரு வரிசையும் இருக்கலாம். எல்லாம் கூட்டினால் நூறைத் தாண்டும். பட்டியல் நூலில் இல்லாத ‘ஏ.பி.’ வந்தால் சந்தேகப்படுங்கள், எண் எழுதாமல் தப்பிக்க அது சுலபமான வழி.

தாள். ஒளிக்கெதிரே பிடித்து நீர்க்குறியைப் பாருங்கள். ஆர்ச், ரீவ் என்ற பிரெஞ்சு ஓவியத் தாள்களின் நீர்க்குறியில் முடிவிலிக் குறி (∞) சேர்ந்தது 1980 வாக்கில். அந்தக் குறியோடு ‘1965 பதிப்பு’ வந்தால் கதை முடிந்தது. புற ஊதா விளக்கில் தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் ஒளிர்வூட்டும் ரசாயனம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே தாள்களில் அது பரவலானது. 1922-ன் தாள் அப்படி ஒளிரக் கூடாது. சலவைத்தூள் கலந்த நீரில் கழுவிய தாளும் ஒளிரலாம், அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

சான்றிதழ்? விற்பவரே அடித்துத் தந்த தங்க ஓரச் சான்றிதழுக்கு அந்தத் தாளின் விலைதான். வெளியீட்டாளரின் அசல் ரசீது, பழைய கலைக்கூட லேபிள், ஏலப் பட்டியலின் பக்கம் ஆகியவை பேசும். ஃப்ரேம் மாற்றும்போது பின்பக்க லேபிளைக் கிழித்து எறிகிறார்கள்! கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். பின்அட்டையோடு அறுத்து உறையில் போட்டு வையுங்கள்.

ஃப்ரேமைக் கழற்றாமல் எதையும் வாங்காதீர்கள். விற்பவர் மறுத்தால் உள்ளே காட்டக் கூடாதது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் அட்டைக்கு (படம் தெரிய நடுவில் ஜன்னல்போல வெட்டிய அட்டை) கீழே ஒளிந்திருந்த விளிம்பின் நிறத்தையும் வெளியே தெரிந்த நிறத்தையும் ஒப்பிடுங்கள், வெளுப்பு அங்கேதான் தெரியும். வெட்டிய விளிம்பா? வெற்றுத் தாள் வீண் என்று நினைத்து ஃப்ரேமுக்குப் பொருந்த ஓரத்தை நறுக்கிவிடுகிறார்கள், மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். முழுத்தாளையும் அட்டையில் ஒட்டியிருந்தால் மீட்பது கடினம், செலவும் அதிகம். மவுண்டின் ஜன்னலைச் சுற்றி பழுப்புக் கோடு இருந்தால் அது அமில அட்டையின் வேலை.

வாங்கிய பிறகு: அமிலமற்ற பருத்தி அட்டை, மேல் விளிம்பில் ஜப்பானியத் தாளின் இரண்டு சிறு தாங்கிகள், கோதுமை ஸ்டார்ச் பசை. ஒட்டும் டேப் எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது, புற ஊதாவைத் தடுக்கும் வகை வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸ், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். வெயில் படும் சுவரும் குளியலறைச் சுவரும் கூடாது. சுருட்டி வைக்காதீர்கள், எதிரெதிர் மூலைகளை இரு கையால் பிடித்துத் தூக்குங்கள்.

அந்தப் பத்திரிகைத் தாளை ஏற்கெனவே ஏமாந்து வாங்கிவிட்டவர்கள் பென்சிலை அழித்துப் பார்க்காதீர்கள். தாளின் நார் கிளம்பிவிடும், சாட்சியும் போய்விடும். முன்பக்கம், பின்பக்கம், நீர்க்குறி, கையெழுத்து எல்லாவற்றையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து, பில்லோடு விற்றவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பணம் திரும்பாவிட்டாலும் உங்களிடம் இருப்பது பத்திரிகையில் வந்த அசல் லித்தோ. சுவரில் மாட்டலாம், ரசிக்கலாம். என்றாவது விற்க நேர்ந்தால் ‘பத்திரிகைப் பிரதி, கையெழுத்து பின்னால் சேர்க்கப்பட்டது’ என்று பில்லில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் இன்னொரு வீட்டுக்கு 41/75 ஆகப் போய்ச் சேர வேண்டாம்.