பச்சைக் கோளத்துக்குள் இருக்கும் இருட்டு

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் நடைபாதை ஓரத்தில் பந்துபோல் கத்தரித்து வைத்திருக்கும் ஃபூக்கியன் டீ செடி ஒன்றின் இலைகளை இரு கைகளாலும் விலக்கிப் பார்த்தால், ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே பச்சை முடிந்துவிடுவது தெரியும். அதற்கப்பால் இலையற்ற பழுப்புக் குச்சிகளும், மட்கிய சருகும், முந்தைய நாள் மழையின் ஈரமும்தான் இருக்கும். மழை மிகுந்த ஊரில், கத்தரித்து உருவம் கொடுத்து வளர்க்கும் உருவச்செடிகள் நலிவது பெரும்பாலும் இந்த இருட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

செடியின் நுனிமொட்டு ஆக்சின் என்னும் ஹார்மோனைச் சுரந்து தண்டு வழியாகக் கீழே அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை இலைக்கோணங்களில் உள்ள பக்கமொட்டுகள் உறங்கியே கிடக்கும். நுனியை வெட்டியதும் அந்தத் தடை விலகுகிறது. நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரையும் பக்கமொட்டுகளுக்குத் திரும்புகிறது. ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று தளிர்கள் கிளம்புகின்றன. ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்பக் கவாத்து செய்யும்போது மேற்பரப்பு ஓடுபோல் அடர்ந்துவிடுகிறது. செடி யானையாகவோ மயிலாகவோ உருக்கொள்வது இதனால்தான். ஆனால் அதே ஓடு உள்ளே செல்லும் வெளிச்சத்தை அடைத்துவிடுவதால், தான் தயாரிப்பதைவிட அதிகம் செலவழிக்கும் உள் இலைகளைச் செடி உதிர்த்துவிடுகிறது.

குளிர்நாடுகளில் வளரும் பாக்ஸ்வுட், யூ போன்ற செடிகள் குளிர்காலத்தில் ஓய்வெடுப்பதால், அவற்றை ஆண்டுக்கு ஓரிரு முறை கத்தரித்தால் போதும். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் சிங்கப்பூரில் செடிக்கு அத்தகைய ஓய்வு இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அதன்மேல் கத்தரி பட்டாக வேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஒரு புண். பூஞ்சை வித்துகள் முளைப்பதற்கு இலைமேல் சில மணி நேரம் நீர்ப்படலம் நிலைத்திருக்க வேண்டும். காற்றாடும் கிளையில் அது விரைவில் உலர்ந்துவிடும். அடர்ந்த ஓட்டுக்குள்ளோ மாலை மழையின் ஈரம் மறுநாள் காலைவரை தங்கும். ரைசோக்டோனியா என்னும் பூஞ்சை அங்கே நூல்நூலாகப் படர்ந்து, செத்த இலைகளை ஒட்டடையில் சிக்கியவைபோல் தொங்கவிடுகிறது. சிலந்தி வலை என்று எண்ணி அதைத் துடைத்துவிட்டுப் போவது எளிது. நோயோ உள்ளேயே இருக்கும்.

ஆகவே மேலே மட்டம் தட்டுவதோடு நிறுத்தாமல், கைநுழையும் அளவுக்கு ஆங்காங்கே சில கிளைகளை அடிவரை எடுத்துவிட வேண்டும். உருவம் கெட்டுவிடுமே என்ற தயக்கம் இயல்பானதுதான்; ஆனால் இங்குள்ள வளர்ச்சி வேகத்தில் அந்த இடைவெளிகள் விரைவில் மூடிக்கொள்ளும், அதற்குள் உட்புகுந்த வெளிச்சம் உள்மொட்டுகளையும் எழுப்பியிருக்கும். இலை உலர்ந்த பிறகு, முற்பகலில் வெட்டினால், பிற்பகல் மழைக்கு முன் புண் காய்ந்துவிட வாய்ப்புண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது கடுமையான கவாத்தைத் தவிர்த்து, பொதுவாக மழை குறையும் பிப்ரவரிக்குத் தள்ளிவைப்பது நல்லது. மழுங்கிய கத்தி தண்டை நசுக்குகிறது. நசுங்கிய விளிம்பு கருகி அழுகும். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தியை 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் துடைப்பது அவசியம்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் நண்பகல் வெயில் உச்சியிலிருந்து விழுகிறது; மேற்பகுதி வேகமாக வளர்ந்து அடிப்பகுதியை நிழலில் தள்ளுகிறது. வேலிச்செடியை அடி அகன்று, மேலே சற்றுக் குறுகுமாறு வெட்டுவது இதற்காகவே.

தாய்லாந்தில் இக்கலைக்கு விரும்பிப் பயன்படுத்தும் செடி பராய். காவிரிக்கரையிலுள்ள திருப்பராய்த்துறையின் பெயரில் இருப்பதும் அதே மரம்தான்; சிறிய, சொரசொரப்பான இலையும் வெட்டைத் தாங்கும் குணமும் உள்ள அதை இங்கும் தாராளமாக முயலலாம்.

வெட்டி முடித்ததும் ஓட்டின்மேல் சிக்கிய துணுக்குகளைக் கையால் உதறிவிட வேண்டும். யானையாக இருந்தால் காதுக்குப் பின்னாலும் தும்பிக்கை மடிப்பிலும்தான் அவை தேங்கும். அடுத்த மழைக்கு முதலில் அழுகுவதும் அந்த இடங்களே.